பட்டப்பெயருக்குத் தடை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த மண்டபத்துக்குள் எவரும் எவரையும் பட்டப்பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. வெள்ளவத்தையில் நடந்த பல்கலைக்கழகப் பழைய மாணவர் ஒன்றுகூடலின் முதல் தீர்மானம் இதுதான். கொண்டுவந்தவர் தலைவர் கலாநிதி சின்னராசா. வளாகத்தில் அவருக்குத் 'தவக்களை' என்று பெயர்.

நாகேந்திரம் பதிவு மேசையிலேயே மாட்டிக்கொண்டார்.

"தங்கச்சி, நண்டு வந்திட்டானோ?"

"அண்ணை, அவர்..." என்று மேசையில் இருந்த சிவானி தொடங்க, பக்கத்தில் நின்ற தலைவர் தொண்டையைச் செருமினார். "இது கன்டீன் இல்லை, நாகேந்திரம். ஆளின்ர சொந்தப் பெயரைச் சொல்லிக் கேளும்."

அதுதானே தெரியாது. பின்னால் நின்ற வரிசை அவரை உள்ளே தள்ளிவிட்டது.

முப்பது வருடங்களுக்கு முன், முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பத்திலிருந்து வந்த புதுப் பொடியனை ராகிங்கில் நிறுத்தி, சட்டையை மோந்து பார்த்து, 'நண்டு' என்று சூட்டியவர் நாகேந்திரம்தான். நாலு வருடமும் வளாகமே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

போன மாதம் நாகேந்திரத்தின் மகன் வளாகத்தை விட்டு வீட்டுக்கு ஓடி வந்தான். தனக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் அழுதான். அப்போதுதான் நண்டின் அன்றைய சிரிப்பு அப்பனுக்கு விளங்கியது. நண்டிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலில் பெயரைக் கேட்க வேண்டும்.

பக்கத்துக் கதிரையில் லேஞ்சிக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, முகத்தோடு சேர்த்துப் பார்த்தால் பிடிபடும் என்று நெஞ்சுகளில் குத்தியிருந்த பெயர் அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்துத் திரிந்தார். ஒரு அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். கனடாக்காரர் ஒருவர் அந்தக் கதிரையில் இருக்கப் பார்த்தார்.

"ஆள் வருது," என்றார் நாகேந்திரம்.

நேற்று வளாகத்தில் நட்ட ஒரு மரக்கன்றுக்காக, அதன் பெயர்ப்பலகையிலிருந்த பதினொரு பேருக்கும் தலைவர் நன்றி சொன்னார். பிறகு மறைந்தவர்களுக்கு மௌன அஞ்சலி. "பொறியியலாளர் தம்பிமுத்து பாலேந்திரா, பட்டயக் கணக்காளர் கந்தையா யோகராசா, அதிபர் அந்தோனி சூசைதாசன், சட்டத்தரணி வைரமுத்து கமலநாதன்..."

எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். அட்டை வாசிக்க இதைவிட வசதி வாய்க்காது. நாகேந்திரம் எட்டி எட்டி மூன்று வரிசையை முடித்தார். இரண்டு நிமிடம் என்ற தலைவர், புரியாணி ஆறுகிறதென்று நாற்பது விநாடியில் எல்லோரையும் இருத்திவிட்டார்.

சாப்பாடும் முடிந்தது. லேஞ்சி கதிரையிலேயே கிடந்தது. தலைவர் படமெடுக்க மேடையேறிய நேரம் பார்த்து, நாகேந்திரம் சிவானியிடம் ஓடினார். சிவானி நண்டின் வகுப்பு.

"தங்கச்சி, தவக்களை அங்கால போயிட்டான். இப்பவாவது சொல்லும். நண்டின்ர சொந்தப் பேர் என்ன? அவனிட்ட நான் ஒரு மன்னிப்புக் கேக்கவேணும்."

சிவானி கையிலிருந்த பட்டியலை மடித்தார்.

"சூசைதாசன். சாப்பாட்டுக்கு முதல் அவருக்கும்தானே அண்ணை எழும்பி நிண்டனாங்கள்."