கஷாயமும் சர்க்கரை மாத்திரையும்

என்னை முதலில் அவமதித்தது சர்க்கரை மாத்திரைதான். நான் ஆவாரம்பூக் கஷாயம். மாசிலாமணி வீட்டு அலமாரியில், பழைய ஊறுகாய் பாட்டிலில், அதற்கு முன்பிருந்தே குடியிருப்பவன்.

மாத்திரை வந்த அன்றே சொன்னேன்: "தம்பி, நாம ரெண்டு பேருமே சர்க்கரையை இறக்குறவங்க. கலந்து பேசிக்கிட்டு வேலை பார்ப்போம்."

"லேபிள் இல்லாதவனோட எனக்கென்னய்யா பேச்சு? தள்ளி நில்லு, கசப்பு வாடை அடிக்குது."

அதோடு பேச்சு நின்றது. வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோதும், திட்டுவாரோ என்று பயந்து, மாசிலாமணி என்னைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் காலை எங்கள் இருவரையும் விழுங்கிய மனுஷர், இட்லி வேகுமுன்பே வியர்த்துக் கொட்டி, கை நடுங்க அலமாரியடியில் சரிந்து உட்கார்ந்தார்.

"ஐயோ, என்னய்யா பண்ணினே?" என்று மாத்திரை அலறியது.

"நீ பண்ணினதைத்தான்" என்றேன்.

அவர் மனைவி சொர்ணம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள். பிறகு எங்கள் இருவரையும் ஒரே பையில் போட்டு, டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். டாக்டர் என்னை முகர்ந்து பார்த்தார். மாத்திரையின் அளவைக் குறைத்தார். ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துப் பார்த்து என்னைக் குடிக்கச் சொன்னார்.

மாசிலாமணி இப்போது தெம்பாக நடமாடுகிறார். "இன்னைக்கு அவருக்கு எப்படிங்க இருக்கு?" என்று மாத்திரை தினமும் என்னிடம் கேட்கிறது. நானும் பதில் சொல்கிறேன்.

மன்னிப்பு மட்டும் அது இன்னும் கேட்கவில்லை.