அப்பா பெயர் கட்டாயம்

செப்டம்பர் 9. இன்று என் சிறு தவறு ஒன்று தெரிந்தது. டைப்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியைக் கற்றுத் தரும் எங்கள் மாலை வகுப்பின் இணையச் சேர்க்கைப் படிவத்துக்கு நான்தான் நிரல் எழுதினேன். 'அப்பா பெயர்' பெட்டிக்கு மேல், கட்டாயம் என்று சொல்லும் டெக்கரேட்டர் என்ற நிரல் வரி ஒன்றை வைத்துவிட்டேன். அந்த ஒற்றை வரி இருந்தால், பெட்டியைக் காலியாக விட்டவரின் விண்ணப்பம் உள்ளே போகாது. சேர்க்கைக்கு நாளைதான் கடைசி நாள்; இன்று செண்பகா என்ற பெண் வகுப்பில் சேர வந்தாள். 'அனுப்பு' பொத்தானை அழுத்த அழுத்த, 'அப்பா பெயர் கட்டாயம்' என்று சிவப்பு எழுத்துதான் வந்தது.

"ஏதாவது ஒரு பேரப் போட்டு அனுப்பும்மா" என்றார் பயிற்றுநர் ஆரோக்கியசாமி.

"என் இனிஷியலே எங்கம்மாதான் சார். த. செண்பகான்னா தவமணி மக. இல்லாத ஆளுக்கு நான் எங்க போயி பேரு தேட?"

"சிஸ்டம் ஒத்துக்காதும்மா."

"சிஸ்டத்த எழுதுனது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதும் நிரல் எதிலும் எனக்கே நம்பிக்கை கிடையாது; ஒரு வரியை எடுத்தால் வேறு எது கெடுமோ என்று பயம். ஆனாலும் அந்த வரியை அழித்தேன்.

"யாரக் கேட்டு அழிச்ச?" என்று சார் கத்தினார்.

"எழுதும்போதும் யாரையும் கேக்கல சார்" என்றேன்.

செண்பகா மறுபடி அழுத்தினாள். விண்ணப்பம் போய்விட்டது.

நாளை: வகுப்புக்கு முன்னதாகவே போக வேண்டும். சார் அந்த வரியைத் திரும்ப வைத்திருந்தால், அடுத்து வருபவருக்காக மறுபடியும் எடுக்க வேண்டும்.