இரண்டாவது மெஷின்

"உயிர் வந்துடுச்சு! ஓடி வா, ஓடி வா!"

கணவன் போட்ட கூச்சலில் அவள் ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். மேஜைமேல் மூக்குக் கண்ணாடிக் கூடு அளவில் ஒரு பழைய கையடக்கக் கணினி திறந்திருந்தது. அதன் மங்கிய திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானாவா! இந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நான் பொறக்கறதுக்கு முன்னாடி எழுதினது. பீரோ சைஸ் மெஷின்ல ஓடிட்டிருந்தது. இந்தக் குட்டியில ஓடவே ஓடாதுன்னு எங்க பழைய கம்ப்யூட்டர் குழுவுல அத்தனை பேரும் சத்தியம் பண்ணாங்க."

"பேரன் மடியில தாத்தாவை உட்கார வெச்சிருக்கீங்க."

அவன் சிரித்தான். இன்னொரு தடவை காட்டுவதற்காக மூடியைச் சாத்தித் திறந்தான். திரை முழுக்கக் கோடுகள் ஓடின. பிறகு ஒன்றுமே இல்லை.

தட்டிப் பார்த்தான். பேட்டரியைக் கழற்றி மாட்டினான்.

"பட்டை ஒயர் அறுந்துடுச்சு." அந்த மாடலோடு கூடப் பிறந்த வியாதி அது. கீல் வழியாகத் திரைக்குப் போகும் ஒயர், மூடித் திறந்தே தேய்ந்து அறுந்துவிடும். கம்பெனியே இழுத்து மூடிய பிறகு, உதிரி பாகத்துக்கு எங்கே போவது?

"மத்தியானம் ரயில். நாளைக்குக் காலையில குழுவோட போட்டியில எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டணும். போன வருஷம் வெறும் படத்தைக் காட்டிட்டு வந்ததுக்கு, என்னை 'போட்டோ ஸ்டூடியோ'ன்னே கூப்பிடறாங்க."

அவன் பார்வை உள்ளறைப் பக்கம் போயிற்று. உடனே திரும்பியும் விட்டது.

உள்ளறைக் கட்டிலில், படுத்த படுக்கையாக இருந்த அவன் அப்பாவின் பக்கத்தில், அதே மாடலில் இன்னொரு மெஷின் இருந்தது. பக்கவாதம் அப்பாவின் பேச்சையும் வலது பக்கத்தையும் எடுத்துக்கொண்ட பிறகு, அவன்தான் அதில் ஒரு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். சொல்ல நினைப்பதை அவர் இடது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்துவார். ஒவ்வொன்றுக்கும் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி 'டிக்' என்று சத்தம் வரும். தொடுதிரை ஃபோன் எல்லாம் அந்த நடுங்கும் விரலுக்கு ஒத்துவரவில்லை.

"வேண்டாம். அது அப்பாவோட வாய்" என்றான் தனக்குத்தானே.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம். உள்ள இருக்கறதை அழிச்சாத்தான் இது ஏறும். ஆனா அவரோட ப்ரோகிராம் எங்கிட்ட இருக்கு, வந்ததும் திருப்பிப் போட்டுடலாம்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "காலையிலகூட 'உன்கிட்ட ஒண்ணு'ன்னு ஆரம்பிச்சார். அதுக்குள்ள குழுவுலேர்ந்து ஃபோன். எழுந்து வந்துட்டேன்."

"எப்பவும் அப்படித்தானே நீங்க."

"ரொம்ப இளைச்சுட்டார், இல்ல?"

"வாயைத் திறந்தாத்தானே? குழந்தையைக் கெஞ்சற மாதிரி கெஞ்சறேன். நாலு வாய்க்கு மேல இறங்கறதில்லை." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "இருங்க, நானே மாமாகிட்ட கேட்டுட்டு வரேன். நீங்க கேட்டா சங்கடப்படுவார்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். அவன் நகத்தைக் கடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். வீடு நிசப்தமாக இருந்தது.

அவள் மெஷினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். "'தாராளமா எடுத்துட்டுப் போகச் சொல்லு, அவன் ஜெயிக்கட்டும்'னு அடிச்சுக் காட்டினார்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ மட்டும் இல்லேன்னா..."

"வசனம் பேசாம வேலையைப் பாருங்க. ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது."

அவன் அழித்தான், ஏற்றினான், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தான். சதுரம் மினுக்கியது. இந்தத் தடவை அவன் கத்தவில்லை. மெஷினைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தான்.

விடைபெறப் போனபோது, அப்பாவின் விரல் போர்வையை விடாமல் குத்திக்கொண்டிருந்தது. அவன் குனிந்ததும், அந்தக் கை அவன் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டது.

"விட மாட்டேங்கறாரே! ஜெயிச்சுட்டு வரேம்ப்பா. நீங்க பண்ணின உதவியை மறக்கவே மாட்டேன்."

அப்பாவின் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"பாரேன், எவ்வளவு சந்தோஷம்!" என்றான்.

அவள் மாமனாரின் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்து விட்டாள். "அவருக்கு நேரமாச்சு, மாமா."

வாசலில் செருப்பை மாட்டும்போது அவன் சொன்னான்: "அப்பாவைப் பார்த்துக்கோ."

"இதையெல்லாம் சொல்லணுமா? போய்ட்டு வாங்க."

வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் கையசைத்தாள். பிறகு கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். மாமனாருக்காகப் பிசைந்து வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். இடது கைக்கு எட்டாத தூரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவர் பார்க்கப் பார்க்க, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இப்போ சொல்லுங்க, மாமா."