ஒரு ஓட்டு விழுந்த தெரு

நாகவல்லி இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றாள். காலையிலிருந்தே அப்படித்தான் நின்றாள். தெருவே அதைக் கவனித்துவிட்டது.

ஓட்டு நேரம் முடிந்து பெட்டிக்குச் சீல் வைத்தாயிற்று. ஓட்டுச்சாவடி வைத்திருந்த பள்ளிக்கூடத்திலிருந்து ஜீப்பில் வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கீழே இறங்கக்கூட இல்லை.

"உங்க தெருவுல ஒரு ஓட்டு விழுந்திருக்கு. முழுப் புறக்கணிப்புன்னு எழுத முடியாது. கலெக்டரும் வரமாட்டார்."

"யாரு சார் போட்டது?" என்றான் கூட்டத்தின் முன்னால் நின்ற வேம்புலி.

"அதெல்லாம் சொல்லக்கூடாதுப்பா." ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெரு கேட்டது ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். கிணற்றில் சாக்கடை கலந்து, போன மழைக்கு மஞ்சள் காமாலை வந்து பிள்ளைகள் செத்தன. முதலில் செத்தது நாகவல்லியின் மகள். இருக்கிற எம்.பி. குழாய் போடுகிறேன் என்று ஓட்டு வாங்கியவர், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அவருக்கு எதிராகத் தெருவே திரண்டு போய் ஓட்டுக் குத்தலாம் என்றுதான் நாகவல்லி சொன்னாள். அவள் அண்ணன் சின்னசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

"எவன் வந்தாலும் இதே கததான். ஒருத்தரும் ஓட்டுப் போடக் கூடாது. வெறும் பொட்டி போனாத்தான் கலெக்டர் ஓடியாருவாரு. ஒரே ஒரு ஓட்டு உழுந்தாலும் அத்தினியும் பாழு, சொல்லிட்டேன்."

பக்கத்து ஊரில் அப்படி நடந்து குழாய் வந்தது உண்மைதான். அதோடு, சின்னசாமி பேச்சுக்குத் தெருவில் மறுபேச்சு கிடையாது. தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினுக்கு இடது கை விரல்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, முதலாளி வாசலில் படுத்துக் கிடந்து நஷ்டஈடு வாங்கியவன். பொன்னியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி எல்லோரிடமும் சத்தியம் வாங்கியதும் அவன்தான்.

இன்று காலையிலிருந்து தெருமுனையில் அவன் காவல். மத்தியானம் அதிகாரிகளிடம் மனு கொடுக்க அவன் மட்டும் பள்ளிக்கூடம் போய்வந்தான். வந்ததிலிருந்து கருப்புக் கொடியைக் கையை விட்டு இறக்கவில்லை.

"எல்லாரும் கைய நீட்டுங்க!" என்று வேம்புலி கத்தினான்.

நீட்டினார்கள். வேம்புலி ஒவ்வொரு இடது ஆள்காட்டி விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாருக்கும் மை இல்லை. சின்னசாமியை யாரும் கேட்கவில்லை. காட்ட அவனுக்கு விரல் ஏது?

மிச்சம் இருந்தவள் நாகவல்லி.

"இன்னாத்துக்கு மறைச்சிகினு கீற?" என்றாள் எதிர்வீட்டுக் கெங்கம்மாள்.

"மீன் அரியசொல்ல அருவாமனை கீசிடிச்சிக்கா. துணி சுத்திக்கிறேன்."

"நல்லா நேரம் பாத்துக் கீசிச்சி! பெத்த பொண்ண வாரிக் குடுத்தவளாச்சே, எப்பிடிடி உனுக்கு மனசு வந்திச்சி?"

நாகவல்லி துணியைப் பிடித்து இழுத்தாள். காய்ந்து ஒட்டியிருந்த துணி வெட்டுக்காயத்தோடு பிய்ந்து வந்தது. ரத்தம் கொட்டியது. மை இல்லை.

கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். இனி இந்தத் தெருவில் யாரும் யாரையும் நம்பப் போவதில்லை.

"ஏ கய்தே, ரத்தம் ஊத்துது பாரு!"

சின்னசாமி கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். வேட்டி ஓரத்தைப் பல்லால் கிழித்தான். தங்கையின் கையைத் தன் தொடைமேல் வைத்து, விரல் இருக்கிற ஒரு கையால் பதமாகச் சுற்றினான்.

நாகவல்லி அந்தக் கையைப் பார்த்தாள். வலது ஆள்காட்டி விரலில், நகத்துக்கு மேலே, கறுப்பாக ஒரு கோடு.

இடது கையில் விரலே இல்லாதவனுக்கு வலது கையில்தானே மை வைப்பார்கள்! இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

அவள் மகளை இடுகாட்டுக்குத் தோளில் தூக்கிப் போனவன் இவன். குழிக்குப் பக்கத்தில் நின்று, இந்தத் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவராமல் விடமாட்டேன் என்று அழுதவன் இவன். பாவி என்று கத்த வாயைத் திறந்தாள்.

"யாருக்கு அண்ணாத்தே போட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

சின்னசாமியின் கை அப்படியே நின்றது. விரலை மடக்கப் பார்த்தான். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

"எம்.பி.க்கு."

"அந்தாளுக்கா? அப்ப எங்கள ஏன் போட வாணான்னே?"

அவன் தலை நிமிராமலே சொன்னான்.

"'தெருவுல யாரும் எதிரா போடாம பாத்துக்க, உன் ஒரு ஓட்டு போதும்'னு அவரு ஆளுங்கதான் சொன்னாங்கோ."