ஏற்றத்துக்கு ஒரு வேண்டுதல்

நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்ததும் எதெல்மீரா கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அத்த. மாதா தேரையே தூக்குற ஆளுங்க நாங்க. நீங்க அதவிடக் கொஞ்சந்தான் கனம்," என்றான் அபூந்தியோ.

அவளுடைய ஞானமகன். ஊர் நடனக் குழுவுக்குத் தலைவன். அவனும் இன்னும் மூன்று பேரும் திருநாள் உடுப்போடு, நாணல் துண்டு கோத்த பாவாடை சலசலக்க, சக்கர நாற்காலியோடு அவளை மலைப்படியில் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"தூக்கிட்டுப் போனா ஏறுனதாக் கணக்குல வருமா?" என்று ஒருவன் கேட்டான்.

"வரும்டா. மாதா என்ன கணக்கு வாத்தியாரா," என்றாள் அவள்.

பின்னால் அவள் கணவன் நிக்கானோர் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தான். அடிவாரத்தில் அவன் சொல்லாத தடை இல்லை. வெயில் என்றான். படி உடைந்திருக்கிறது என்றான். பையன்கள் நழுவவிட்டால் என்ன கதி என்று கண்கூடக் கலங்கினான். மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை என்று அவளுக்கே மனசு இளகிவிட்டது.

அந்த மலைக்கு ஒரு முறை உண்டு. ஒரு ஏற்றத்துக்கு ஒரே வேண்டுதல். வேண்டியதன் உருவத்தைத் தகட்டில் வாங்கி மாதாவின் நீலப் போர்வையில் குத்த வேண்டும். கண் நோவுக்குக் கண். மாடு காணாமல் போனால் மாடு. பேராசைப்பட்டு இரண்டு குத்தினால் இரண்டுமே பலிக்காது. ஏற முடியாதவர்களுக்காக வேறொருவர் ஏறலாம், தன் வேண்டுதலை விட்டுக்கொடுக்க மனம் இருந்தால்.

நிக்கானோருக்கு இருந்தது. அவளுக்கு இடுப்பு உடைந்து கோணலாய்க் கூடியதிலிருந்து, திருநாள் தவறாமல் அவளுக்காக ஏறினான். சந்தையில் அவள் பார்த்துப் பார்த்து வாங்கிய வெள்ளிக் காலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். அவள் அடிவாரத்துச் சோள அடைக் கடையில் உட்கார்ந்து காத்திருப்பாள். அவன் இறங்கி வந்து, "ஆச்சு," என்பான்.

கால்தான் வந்தபாடில்லை.

நாலடி நடந்தால் ஐந்தாவது அடிக்குப் பிடிமானம் வேண்டும். எதெல்மீரா மாதாவோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள். ரேடியோவில் மாதா பாட்டு வந்தால் திருகி அணைப்பாள். ஊரில் தொலைந்த கோவேறு கழுதையெல்லாம் திரும்பி வருகிறது, என் கால் மட்டும் அவள் கண்ணில் படவில்லையா என்று புலம்புவாள். நேருக்கு நேர் நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த வருஷம் ஞானமகனைப் பிடித்தாள்.

உச்சியில் மாதா கோவில் வாசலில், தகட்டுக் கடைக்காரியின் குடை நிழலில் நாற்காலியை இறக்கினார்கள். நிக்கானோர் கடைசிப் படியில் தலை காட்டினான்.

கடைக்காரி முகம் மலர்ந்தாள். "வாங்கண்ணே. என்னடா இன்னும் காணமேன்னு பாத்தேன். காலக் குடுங்க, உங்க வீட்ட எடுத்து வச்சிருக்கேன்."

அவள் நீட்டிய கையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு தகட்டு வீடு இருந்தது.

நிக்கானோர் காது கேளாதவன்போல நின்றான்.

"எந்த வீடு?" என்றாள் எதெல்மீரா.

நாற்காலியில் இருப்பவள் யாரென்று கடைக்காரிக்குத் தெரியாது. "வருசா வருசம் வெள்ளிக் கால் ஒண்ணு கொண்டாந்து குடுத்துட்டு வீடு வாங்கிக்குவாரு. இங்க காலுக்குத்தான் அடிதடி, எனக்கும் லாபம். கட்டுனவ வீட்ட விட்டுப் போயிரக் கூடாதுன்னு குத்துறது இது. பாவம், அந்தம்மா மேல அவ்ளோ உசுரு."

நாணல் பாவாடைகளின் சலசலப்பு நின்றுவிட்டது. அபூந்தியோ வேறு பக்கம் பார்த்தான்.

எதெல்மீராவுக்கு அப்போதுதான் புரிந்தது. மாதா மறுக்கவே இல்லை. மாதாவிடம் யாரும் கேட்கவே இல்லை. பாவி, அவள் காலைக் கொடுத்து அவன் தனக்கு வீடு வாங்கியிருக்கிறான். இறங்கி வந்து, வாய் கூசாமல், "ஆச்சு," என்றிருக்கிறான். அவளும் அதை நம்பி, சூடாக அடை வாங்கிக் கையில் கொடுத்திருக்கிறாள்.

"ஏன்?" என்றாள்.

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "காலு சரியானா நீ போயிருவ."

அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

சந்தைக்குப் போகும் வழியில் வழுக்கிவிட்டது என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தாள். அவள் விழுந்தது பஸ் படியிலிருந்து. மோந்தெர்ரேய் பட்டணத்துக்குப் போகிற பஸ். அவனை விட்டு ஒரேயடியாகப் போக, துணிமணியெல்லாம் கட்டிக்கொண்டு ஏறினாள். அவனுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தாள். அவனும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் ஊட்டிவிட்ட கஞ்சியிலும் தேய்த்துவிட்ட தைலத்திலும் போகிற எண்ணமே அவளை விட்டுப் போயிருந்தது. அவனோடு இருந்துவிடலாம் என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். அதை அவனிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவள் கையை நீட்டினாள். இந்த வருஷமும் அவனிடமே கொடுத்து வைத்திருந்த வெள்ளிக் காலை அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"உள்ள கொண்டு போங்கப்பா," என்றாள்.

பீடத்தின் முன்னால் அவளுக்குப் போர்வை எட்டவில்லை. நான்கு பேரும் நாற்காலியைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்கள். நிக்கானோரும் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தான். அவள் தடுக்கவில்லை. நீலத் துணியில் ஊசியை ஏற்றி, கழன்று விழாதபடி இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள்.

"ரொம்பல்லாம் வேணாம் தாயே," என்றாள், கீழே நின்று தாங்குகிறவனுக்கும் கேட்கும்படி. "பஸ் படி ஏறுற அளவுக்குக் குடு, போதும்."