பின்பக்கத்து ஏரி

“நேத்தும் அதே ஏரிதானா?”

மேனேஜர் அந்தக் கைக்குட்டை அளவுத் துணியை மேசைமேல் விசிறியடித்தார். எதிரே நின்ற தையல்காரப் பெண், மற்றவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் தினமும் ஒரு துண்டுத் துணியில் எம்ப்ராய்டரி போடுவாள். டைரி எழுதுவதுபோல. முந்தாநாள் ஏரிமேல் மழை மேகம். நேற்று கரையில் இரண்டு கொக்கு.

அந்த ஏரி, தையல் கம்பெனியின் பின்பக்கம் இருந்தது. பெண்கள் வேடிக்கை பார்த்து வேலையைக் கெடுக்கிறார்கள் என்று, தையல் கூடத்து ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடிக்க வைத்தவரே அவர்தான். தன் அறை ஜன்னலை மட்டும் விட்டுவைத்தார்.

“எந்த மூதேவி பெயிண்டைச் சுரண்டினா?”

“யாரும் சுரண்டலை சார்.”

“அப்போ கொக்கு உன் கனவுல வந்துச்சா?”

அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவர் அறையில் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுவும் அவர் போட்ட சட்டம்தான்.

“தினம் காலையில கூப்பிட்டுத் திட்டுறேன், கொஞ்சமாவது உறைக்குதா? எங்கேயிருந்து பார்க்கிறே? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு!”

அவளுக்கும் சுர்ரென்று ஏறியது.

“தினம் உங்க மூஞ்சியைத்தான் சார் பார்க்கிறேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துதானே கத்துறீங்க? உங்க மூக்குக்கண்ணாடியில ஏரி முழுசும் தெரியுது.”

மேனேஜரின் கை கண்ணாடியைக் கழற்றப் போனது.

“கழட்டாதீங்க சார். இன்னும் கொஞ்சம் திட்டுங்க. மூணாவது கொக்கு இப்பதான் இறங்குது.”