அழுகைக் காட்சி

ஊமைப்படக் காலத்தில் அவளுடைய அம்மா பதினெட்டுப் படங்களில் கதாநாயகி. படங்கள் பேச ஆரம்பித்ததும் அம்மாவின் கட்டைக்குரலை ஒருவரும் சீந்தவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு ரீல். அதில் அம்மா வாசற்கதவைப் பார்த்துக் கதறி அழுவாள்.

மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். ஊரே மூக்கைச் சிந்தி அழுத அந்தக் காட்சியில் அம்மா சொன்னது, "பசி உயிர் போகுது, இந்த டைரக்டர் எப்பதான் சாப்பிட விடுவானோ" என்பதைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். இருவரும் வருஷக்கணக்காக அதைப் போட்டுப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

அம்மா போய் ஒரு மாதம் ஆயிற்று. வீடே வெறிச்சென்று கிடந்த ஒரு மத்தியானம், ஒரு தடவை சிரித்துவிட்டால் தேவலை என்று மகள் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, புரொஜெக்டரை ஓட்டினாள்.

வெள்ளைச் சுவரில் அதே முகம், அதே கண்ணீர். உதடுகள் மட்டும் வேறு சொல்லின.

"ஒரே இருட்டா இருக்கு. யாராவது லைட்டப் போடுங்களேன்."

கண்ணைக் கசக்கிக்கொண்டு, ரீலைத் திரும்பச் சுற்றி மறுபடி ஓட்டினாள்.

"கண்ணு, நீயா? பயமா இருக்குடி. லைட்டப் போடு."

மகள் விழுந்தடித்து ஓடி சுவிட்சைத் தட்டினாள். அறை பளிச்சென்று ஆனது. புரொஜெக்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவரில் முகம் இல்லை, வெறும் சுண்ணாம்பு. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் விளக்கை அணைத்துத்தான் ஆக வேண்டும்.

அணைத்தாள்.

கதவைப் பார்த்து அழ வேண்டிய அம்மா, சுவிட்ச் இருந்த பக்கம் திரும்பியிருந்தாள்.

"ஏன்டி அணைச்சே?"